உடோன் தானியில் குடியிருக்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக்கிலிருந்து வடகிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி, லாவோஸ் எல்லைக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது உடோன் தானி. வேலை, திருமணம், ஓய்வுக்காலம் என்று பல காரணங்களுக்காக வெளிநாட்டவர் இங்கே வந்து தங்குகிறார்கள். பாங்காக்கில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். இங்கே வங்கியிலும் மின்வாரியத்திலும் மருந்துக்கடையிலும் அது எடுபடாது. கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி கோன் கேன், கோராட், நோங் காய் போன்ற ஊர்களுக்கும் பொருந்தும்.

வந்து இறங்கியதும் முதலில் எதைக் கவனிப்பது?

முகவரிக் காகிதத்தை. வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், விசா நீட்டிப்பு என எதற்குப் போனாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான்.

வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் தங்க வந்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கான படிவம் டிஎம்30. ஹோட்டல்கள் இதைத் தாமாகவே செய்துவிடும். தனி வீட்டுக்காரர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, “டிஎம்30 போட்டுத் தருவீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். தயங்குகிற வீட்டுக்காரர் என்றால் வேறு வீடு பார்ப்பதே நல்லது. பின்னால் ஒவ்வொரு அலுவலகத்திலும் அதே சிக்கல் முன்னால் வந்து நிற்கும்.

வீட்டுக்காரரிடம் வாங்க வேண்டியவை: “தபியன் பான்” என்னும் நீல அட்டை வீட்டுப் பதிவேட்டின் நகல், அவருடைய அடையாள அட்டை நகல், வாடகை ஒப்பந்தம். நகல் ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து இருக்க வேண்டும். கையெழுத்து இல்லாத நகலை வாங்க மாட்டார்கள். மூன்று செட் வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்தடுத்து அவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. பதிவு முடிந்ததும் தரும் ரசீதைக் கடவுச்சீட்டோடு வைத்திருங்கள். வெளியூரோ வெளிநாடோ போய்த் திரும்பினால் மறுபடி பதிய வேண்டுமா என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் நடைமுறை மாறுகிறது. உங்கள் அலுவலகத்தில் என்ன வழக்கம் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

90 நாள் அறிவிப்பு என்பது விசா நீட்டிப்பா?

இல்லை. “இன்னும் இதே முகவரியில்தான் இருக்கிறேன்” என்று 90 நாளுக்கு ஒருமுறை தெரிவிப்பது மட்டுமே. படிவம் டிஎம்47, கட்டணம் கிடையாது. கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து, கெடு முடிந்து 7 நாள் வரை நேரில் கொடுக்கலாம். அதையும் தாண்டிப் போய் நின்றால் 2,000 பாட் அபராதம். முதல் முறை நேரில் போவது நல்லது. அடுத்த முறையிலிருந்து இணையத்திலேயே செய்யலாம், ஆனால் கெடு நாள் வரும் முன்பே அனுப்பிவிட வேண்டும். நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பினால் 90 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

விசா நீட்டிப்பு வேறு. படிவம் டிஎம்7, கட்டணம் 1,900 பாட். ஓய்வுக்கால அடிப்படையில் என்றால் வயது 50 நிறைந்திருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். வங்கி இருப்பில் காட்டுகிறவர்கள் அந்தத் தொகையை விண்ணப்பிக்கும் முன்பு இரண்டு மாதமும், கிடைத்த பிறகு மூன்று மாதமும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அதன்பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. நடுவில் ஒரே ஒரு நாள் இறங்கினாலும் அடுத்த ஆண்டு கணக்குப் புத்தகத்தைப் புரட்டும்போது தெரிந்துவிடும்.

குடிவரவு அலுவலகம் பகல் 12 முதல் 1 மணி வரை சாப்பாட்டுக்கு மூடியிருக்கும். காலை எட்டரைக்கே போய்விடுங்கள்.

லாவோஸ் தலைநகர் வியன்டியான் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு நாள் போய்வரலாமா?

போகலாம். ஆனால் போகும் முன் மறுநுழைவு அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அது இல்லாமல் நோங் காய் பாலத்தைத் தாண்டினால், கஷ்டப்பட்டு வாங்கிய ஓராண்டு நீட்டிப்பு அந்த நிமிடமே ரத்தாகிவிடும். எல்லையோர ஊர்களில் அடிக்கடி நடப்பது இது, நடந்தபின் சரிசெய்ய வழியும் இல்லை. படிவம் டிஎம்8. ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட். ஆண்டுக்கு நான்கு முறை வெளியே போகிறவருக்குப் பல முறை அனுமதிதான் லாபம். திரும்பி வரும்போது, 2025 மே முதல் நடப்பில் உள்ள மின்னணு வருகை அட்டையையும் வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும்.

கடவுச்சீட்டில் எனக்குக் குடும்பப் பெயரே இல்லை. சிக்கல் வருமா?

தமிழர்களுக்கு இது நிச்சயம் வரும். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்க, இயற்பெயரும் அப்பா பெயரும் ஒரே வரியில் இருப்பது நம்மிடையே சாதாரணம். தாய்லாந்துப் படிவங்களிலோ அந்தக் கட்டம் கட்டாயம். வங்கியில் ஒருவர் ஒரு மாதிரி, சிம் கடையில் இன்னொருவர் வேறு மாதிரி பதிந்துவிட்டால், பிறகு இரண்டும் பொருந்தாது.

கடவுச்சீட்டின் அடியில் கருவி படிப்பதற்கென்று உள்ள இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கே பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில், அதே எழுத்துகளில் எல்லா இடத்திலும் பதியச் சொல்லுங்கள். இனிஷியலை ஒரு இடத்தில் விரித்து, இன்னொரு இடத்தில் சுருக்கி எழுதாதீர்கள். புதுக் கடவுச்சீட்டு எடுக்கும்போது பெயரைப் பிரித்து மாற்ற நினைத்தால், தாய்லாந்தில் கணக்குகள் தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கும் சிம்மும் எப்படி வாங்குவது?

முதலில் சிம். கடவுச்சீட்டோடு நிறுவனத்தின் சொந்தக் கிளைக்குப் போய் உங்கள் பெயரில் பதியுங்கள். நண்பர் பெயரிலோ மனைவி பெயரிலோ உள்ள எண்ணை வைத்து வங்கிச் செயலியை ஓட்டும் காலம் முடிந்துவிட்டது. 2025இலிருந்து சிம்மின் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். முன்பணச் சிம்மில் பணம் போடாமல் காலாவதியாக விட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும், அதோடு வங்கிச் செயலியும் முடங்கும். ஊருக்குப் போகும் முன் ஆறு மாதத்துக்காவது செல்லுபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்குத் தொடங்கக் கடவுச்சீட்டு, நீண்டகால விசா, குடிவரவு அலுவலகம் தரும் வசிப்பிடச் சான்று அல்லது பணி அனுமதி வேண்டும். ஒரு கிளையில் முடியாது என்றால் அதே வங்கியின் இன்னொரு கிளையில் முயலுங்கள். முடிவு கிளை மேலாளர் கையில்தான் இருக்கிறது. கடவுச்சீட்டைப் புதுப்பித்த வாரத்திலேயே வங்கிக்குப் போய்ப் புது எண்ணைப் பதியுங்கள். பழைய கடவுச்சீட்டின் தேதி முடிந்ததும் செயலி நின்றுபோவது உண்டு.

கணக்கு வந்துவிட்டால் வாழ்க்கை எளிது. தள்ளுவண்டிக்காரர் முதல் எல்லோரிடமும் பிராம்ப்ட்பே என்னும் பணம் செலுத்தும் கட்டக்குறி (QR) இருக்கும். மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் அங்குள்ள வங்கிச் செயலியின் டூயிட்நவ் வழியாகவே அதை ஸ்கேன் செய்து செலுத்தலாம்.

மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம்?

மாகாணங்களில் மின்சாரம் மாகாண மின்சார ஆணையத்துடையது, உதவிக்கு 1129. குடிநீர் மாகாண நீர்வழங்கல் ஆணையத்துடையது, உதவிக்கு 1662. மீட்டர் பார்க்க வருபவர் சீட்டைக் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போவார். கெடுவுக்குள் செவன் இலெவன் கல்லாவில் கட்டலாம். கெடு தாண்டினால் பல நேரம் அலுவலகத்துக்கே போக வேண்டியிருக்கும்.

அறை வாடகைக்கு எடுக்கிறவர்கள் யூனிட் விலையை ஒப்பந்தத்திலேயே பாருங்கள். அரசு விலை யூனிட்டுக்கு 4 பாட்டை ஒட்டி இருக்கும்போது, சில அடுக்ககங்கள் 7 அல்லது 8 பாட் வாங்குகின்றன. ஏசி இரவு முழுக்க ஓடும் ஏப்ரலில் இந்த வித்தியாசம் வாடகையில் பாதி வரை போய்விடலாம்.

இரவில் தண்ணீர் மோட்டார் தானாக ஓடி ஓடி நிற்கிறது. கெட்டுப்போனதா?

பெரும்பாலும் மோட்டார்மேல் குற்றமில்லை. இங்கே தனி வீடுகளில் நகர்க்குழாய்த் தண்ணீர் வெளித்தொட்டியில் நிரம்பி, அங்கிருந்து தானியங்கி மோட்டார் வழியாக வீட்டுக்குள் வரும். குழாயில் அழுத்தம் குறைந்தால் மோட்டார் ஓடும். எந்தக் குழாயும் திறக்காதபோதே அது சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

முதல் சந்தேகம் கழிப்பறைத் தொட்டியின் அடிரப்பர். தொட்டிக்குள் கொஞ்சம் மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டு, தண்ணீர் இறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே கிண்ணத்தில் மஞ்சள் தெரிந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும், பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். கழிப்பறை சரியாக இருந்தால், மோட்டாரிலிருந்து வீட்டுக்குப் போகும் வால்வை மூடிப் பாருங்கள். அப்போதும் ஓடினால் கோளாறு மோட்டாரிலேயே இருக்கிறது, அதன் ஒருவழி வால்வில் அழுக்கு சேர்ந்திருக்கும். நின்றுவிட்டால் கசிவு சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ இருக்கிறது.

குளியலறை வெந்நீர்க் கருவியைத் தொட்டால் சுரீரென்கிறது.

அந்த நிமிடமே பிரேக்கரை அணைத்துவிடுங்கள். மின்கம்பியைச் சரிபார்க்கும் வரை குளிக்க வேண்டாம். எர்த் கம்பி இல்லாமல், அல்லது எங்கும் இணைக்காமல் தொங்கவிட்டிருப்பார்கள். பழைய வாடகை வீடுகளில் இது அதிகம்.

கருவிக்குப் பச்சை நிற எர்த் கம்பி வருகிறதா, அது தரையில் அடித்த செம்புக் கம்பியில் போய்ச் சேர்கிறதா என்று மின்பணியாளரை வைத்துப் பாருங்கள். 3,500 வாட் கருவி 220 வோல்ட்டில் 16 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி வேண்டும். 4,500 வாட் என்றால் 20 ஆம்பியரைத் தாண்டும், 4 சதுர மில்லிமீட்டர் வேண்டும். இரண்டுமே நேரே தனி பிரேக்கரில் இருக்க வேண்டும், பிளக்கில் செருகக் கூடாது. கருவியின் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் மின்சாரம் உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அந்தக் கருவி உங்களைக் காப்பாற்றாது.

ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்ஸியும் கிரைண்டரும் இங்கே அப்படியே ஓடும். அலைவெண் அதே 50 ஹெர்ட்ஸ், 220 வோல்ட்டில் குறையொன்றும் தெரியாது. பிளக் மட்டும் சேராது. மூன்றாம் காலை உடைக்காமல், உள்ளூர் மூன்று முனைப் பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

பைக் ஓட்ட என்ன உரிமம் வேண்டும்?

இந்திய, இலங்கை உரிமம் உள்ளவர்கள் தொடக்கத்தில் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான சர்வதேச அனுமதியோடு ஓட்டலாம். அதில் மோட்டார் சைக்கிளுக்கான முத்திரை தனியாக இருக்க வேண்டும். கார் முத்திரை மட்டும் வைத்துக்கொண்டு பைக் ஓட்டி விபத்தானால், காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.

குடியிருக்க வந்தவர்கள் உள்ளூர் உரிமமே எடுங்கள். “கோன்சோங்” என்றால் தரைப்போக்குவரத்து அலுவலகத்தை எல்லோரும் காட்டுவார்கள். கடவுச்சீட்டு, வசிப்பிடச் சான்று, மருத்துவச் சான்று, ஊர் உரிமம், சர்வதேச அனுமதி ஆகியவற்றோடு போக வேண்டும். வசிப்பிடச் சான்றும் மருத்துவச் சான்றும் ஒரு மாதம்தான் செல்லும் என்பதால், முன்பதிவுத் தேதி கிடைத்தபிறகு இரண்டையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள். அங்கே நிறம் அறிதல், பக்கப்பார்வை, தூரம் கணித்தல், பிரேக் வேகம் என நான்கு சோதனை உண்டு. முதல் உரிமம் இரண்டு ஆண்டுக்கு: காருக்கு 205 பாட், பைக்குக்கு 105 பாட். அடுத்தது ஐந்து ஆண்டுக்கு: 505, 255.

வண்டி வாங்கினால் “போ ரோ போ” என்னும் கட்டாயக் காப்பீடு இல்லாமல் ஆண்டு வரி கட்ட முடியாது. ஐந்து ஆண்டு கடந்த பைக்கும் ஏழு ஆண்டு கடந்த காரும் பரிசோதனைச் சான்று காட்ட வேண்டும். சாலை நம்மூர் போல இடப்பக்கம்தான். ஆனால் எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக்குகளையும், இரவில் விளக்கில்லாத கரும்பு லாரிகளையும் எதிர்பார்த்தே ஓட்டுங்கள்.

இட்லிக்கு அரிசி கிடைக்குமா?

புழுங்கலரிசியைத் தாய்லாந்து ஏராளமாக ஏற்றுமதி செய்கிறது, உள்ளூரில் யாரும் சாப்பிடுவதில்லை. “காவ் நுங்” என்று கேட்டால், ஈசான் என்னும் இந்த வடகிழக்குப் பகுதியில் ஒட்டும் அரிசியை நீட்டிவிடுவார்கள். மல்லிகை அரிசியும் சரிப்படாது, பசை அதிகம் என்பதால் இட்லி களியாகிவிடும். “சாவ் ஹாய்” என்று கேளுங்கள். உதிரியாக வேகும் பச்சரிசி அது. அளவு 3 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து, கூடவே ஒரு கைப்பிடி அவல் அல்லது சோறு. உளுந்தைப் பாங்காக்கின் பாஹுரட் பகுதியில் உள்ள இந்தியக் கடைகளிலிருந்து இணையத்தில் வரவழைக்கலாம். பாசிப்பருப்பு “துவா கியாவ் சீக்” என்ற பெயரில் எல்லாக் கடையிலும் உண்டு.

ஏப்ரல் வெயிலில் மாவு ஐந்து மணி நேரத்தில் பொங்கிவிடும், இரவு முழுக்க வெளியே வைத்தால் புளித்துப் போகும். டிசம்பர், ஜனவரியில் ஈசான் இரவுகள் 15 டிகிரிக்கும் கீழே இறங்குவதால் மாவு அசையாது. வெந்நீர்ப் பாட்டிலோடு சேர்த்து ஐஸ்பெட்டிக்குள் மூடி வையுங்கள்.

துருவிய தேங்காய் சந்தையில் எடை போட்டுக் கிடைக்கும். சட்னிக்கு “கூட் காவ்” என்று சொன்னால் பழுப்புத் தோல் நீக்கி வெள்ளையாகத் துருவித் தருவார்கள். முருங்கைக்காய் “மரும்” என்ற பெயரில் குளிர்காலத்தில் வரும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்ப்பதே வழி.

சந்தையில் விலை “கீத்” கணக்கில் சொல்வார்கள். ஒரு கீத் 100 கிராம். 20 பாட் என்று எழுதியிருந்தால் கிலோவுக்கா கீத்துக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன சொல்லிக் கேட்பது?

“ஜே” என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. “மங்சவிரத்” என்றால் முட்டை வரும், சில கடைகளில் மீன்சாறும் வந்துவிடும். சாதாரணக் கடையில் “மை சை நாம் பிளா” (மீன்சாறு வேண்டாம்), “மை சை குங் ஹெங்” (காய்ந்த இறால் வேண்டாம்) என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈசானில் மூன்றாவதாக “மை சை பிளா ரா”. பப்பாளிக்காய் சாலட் உட்பட எல்லாவற்றிலும் அந்தப் புளித்த மீன் போகும்.

இந்தப் பகுதியில் உடல்நலத்துக்கு எதைக் கண்டு பயப்பட வேண்டும்?

மூன்றைச் சொல்வோம். முதலாவது, பச்சை மீன். குளம், ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்திச் செய்யும் “கோய் பிளா” ஈசானின் விருப்ப உணவு. அதன் வழியே கல்லீரல் புழு உடலுக்குள் போகும், பல ஆண்டுகளில் அது பித்தநாளப் புற்றுநோயாக மாறலாம். எலுமிச்சைச் சாறும் சாராயமும் அந்தப் புழுவைக் கொல்லாது. விருந்துக்கு அழைத்தால் “சுக்”, அதாவது வெந்தது, வேண்டும் என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பச்சைப் பன்றியிறைச்சிக்கும் இதே விதி.

இரண்டாவது, மெலியாய்டோசிஸ். வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது. சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும் என்பதால் நம்மவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள், தோட்ட வேலைக்கு ரப்பர் பூட்ஸ் போடுங்கள். காய்ச்சல் வந்தால் “எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மண்ணில் வேலை செய்தேன்” என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வழக்கமான பல ஆன்டிபயாடிக்குகள் இதற்குக் கேட்காது.

மூன்றாவது, தெருநாய். கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீருமாகக் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். மழைக்காலக் காய்ச்சலுக்கு டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் தொடவே கூடாது.

அரசு மருத்துவமனையில் செலவு குறைவு, ஆனால் காலை ஏழுக்குள் வரிசை எண் எடுக்க வேண்டும். மாலையில் நடக்கும் கூடுதல் நேரக் கிளினிக்கில் சற்று அதிகம் கட்டினால் கூட்டமின்றி அதே மருத்துவர்களைப் பார்க்கலாம். ஆம்புலன்ஸ் 1669, காவல் 191, தீயணைப்பு 199, ஆங்கிலத்தில் பேச சுற்றுலாக் காவல் 1155.

புகைக்காலம் எப்போது?

கரும்பு வெட்டும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. பிப்ரவரி, மார்ச் மோசம். காற்றின் தரத்தை அரசின் ஏர்4தாய் செயலியில் பாருங்கள். ஏசி போட்டால் போதும் என்பது தவறு. அதன் வலை நுண்துகளைப் பிடிக்காது. ஒரே ஒரு படுக்கையறையைத் தேர்ந்து, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, அந்த அறையின் அளவுக்கேற்ற காற்றுச் சுத்திகரிப்பான் வையுங்கள். வெளியே போக என்95 முகக்கவசம். துணிக்கவசம் உதவாது.

நகைக்கடையில் “ஒரு பாட்” தங்கம் என்கிறார்களே?

அது எடை. ஒரு பாட் ஆபரணத் தங்கம் 15.16 கிராம், நம் கணக்கில் இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவு. கால் பாட்டுக்கு “சலுங்” என்று பெயர். தூய்மை 96.5 சதவீதம், ஊரின் 22 காரட்டைவிட அதிகம், அதனால் எளிதில் வளையும். அன்றைய விலையைத் தங்க வணிகர் சங்கம் அறிவிக்கும், எல்லாக் கடையிலும் பலகையில் இருக்கும். அதற்குமேல் செய்கூலியைத்தான் பேரம் பேச முடியும். ரசீதைத் தொலைக்காதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் கழிவு குறைவு.

தேதிகள், விடுமுறைகள் குழப்புகின்றனவே?

இங்கே புத்த ஆண்டு, நம் ஆண்டோடு 543 கூட்டிக்கொள்ளுங்கள். பால் பாக்கெட்டில் 68 என்று இருந்தால் 2568, அதாவது 2025. காலாவதித் தேதியை அப்படித்தான் படிக்க வேண்டும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான், நம் சித்திரைப் புத்தாண்டு வரும் அதே நாட்கள். அலுவலகங்கள் மூடியிருக்கும், பேருந்துச் சீட்டு வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், சாலை விபத்தும் ஆண்டிலேயே அப்போதுதான் மிகுதி. விசா, 90 நாள் வேலைகள் அந்த வாரத்தில் விழுந்தால் ஏப்ரல் 10க்குள் முடித்துவிடுங்கள்.